ராடுல ரெண்டு அங்குலம், பைப்புல ரெண்டு அங்குலம்

அடிபம்புக்கு எந்த இடத்தில் கோளாறு என்பதை அதன் கைப்பிடியே சொல்லிவிடும். பத்துப் பதினைந்து அடி வெறுமனே அடித்த பிறகுதான் தண்ணீர் வருகிறதென்றால் அடி வால்வு ஒழுகுகிறது, இல்லாவிட்டால் பைப்பில் எங்கோ பொத்தல். முதல் அடியிலேயே வந்தும் நூலாக ஒழுகினால் சிலிண்டருக்குள் தோல் வாசர் தேய்ந்திருக்கிறது. கைப்பிடி பக்கவாட்டில் ஆடினால் பேரிங் போயிருக்கிறது. கைப்பிடியை மேலே தூக்கும்போது உள்ளே செயின் மடங்கினால், புதிதாகப் போட்ட தோல் ஊறிப் பெருத்துச் சிலிண்டரைக் கவ்வுகிறது. கைப்பிடி தொப்பென்று கீழே விழுந்து, பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு போனால் ராடு அறுந்துவிட்டது. இவ்வளவையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் அத்தை. பள்ளிக்கூடப் படி ஏறாதவர். வீட்டுத் திண்ணையில் பருத்தி எடுத்துக்கொண்டிருக்கும்போதே, கோயில் திடலில் யாரோ அடிக்கும் சத்தத்தைக் கேட்டு, "போல்ட்டு லூசாகியிருக்குது, எந்திரி கண்ணு" என்று ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். நான் கிரீஸ் டப்பாவோடு பின்னால் ஓடுவேன்.

பல்லடத்துக்குத் தெற்கே செம்மண்ணும் ஓடக்கல்லுமான ஊர் எங்களுடையது. 1980-களின் தொடக்கம். தோட்டம் உள்ளவர்களுக்குக் கிணறு இருந்தது. மற்றவர்களுக்கு மாரியம்மன் கோயில் திடலில் இருந்த பம்புதான் தண்ணீர். அந்தப் பம்பு வருவதற்கு முன்னால் அதே போரின் மேல் ஒரு வார்ப்பிரும்பு பம்பு இருந்ததாம். எனக்கு நினைவு தெரியும்போது அதன் உடைந்த தலை கோயில் மதிலோரம் கவிழ்ந்து கிடந்தது. நாங்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துதான் பல்லாங்குழி ஆடுகிறவர்களை வேடிக்கை பார்ப்போம். அது ஏன் அங்கே கிடந்தது என்பதை வளர்ந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1960-களின் கடைசியில் பாறையைத் துளைக்கும் ரிக் வண்டிகள் வந்து நாடெங்கும் போர் போட்டுத் தள்ளின. தண்ணீர் கிடைத்தது. மேலே பூட்டிய பம்புகளோ, அமெரிக்க, ஐரோப்பியப் பண்ணை வீடுகளில் ஒரு குடும்பம் அடிப்பதற்காகச் செய்த பம்புகளின் நகல். நூறு குடும்பம் விடியலிலிருந்து இருட்டும்வரை அடித்ததும் அச்சு தேய்ந்தது, வார்ப்பு விரிந்தது. வார்ப்பிரும்பு உடைந்தால் உடைந்ததுதான். ஊருக்குள் வைத்து அதை ஒட்டவைக்கிற வித்தை யாரிடமும் கிடையாது. 1970-களின் நடுவில் எடுத்த கணக்குகளில் நாலில் மூன்று பம்பு வேலை செய்யவில்லை என்று தெரிந்ததாம். காலுக்குக் கீழே தண்ணீர் நிற்க, மேலே உடைந்த இரும்பு நின்றது. எத்தனை பெண்கள் அந்த இரும்பைத் தாண்டி வெறுங்குடத்தோடு மைல் கணக்கில் நடந்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த நிலைமையை மாற்றியது இந்தியா மார்க் இரண்டு. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் ஒரு மிஷனைச் சேர்ந்தவர்கள் வார்ப்பை விட்டுவிட்டு, எஃகுத் தகட்டை வெல்டிங் செய்து, ஒற்றை அச்சும் செயினுமாக ஒரு பம்பைச் செய்திருந்தார்கள். இந்திய அரசும் யூனிசெஃபும் அதை எடுத்து மேம்படுத்தின. மாதிரிப் பம்புகளைக் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆழமான போர்களில் பூட்டிச் சோதித்தார்கள். சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1970-களின் இறுதியில் அவற்றைச் செய்யத் தொடங்கியது. 1979-இல் இந்தியத் தரமும் வகுக்கப்பட்டது. யாரும் அதற்குக் காப்புரிமை எடுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பட்டறையும் செய்யலாம், ஆனால் எழுதிவைத்த அளவுக்கு ஒரு மயிரிழை மாறக்கூடாது. பன்னிரண்டு மில்லிமீட்டர் ராடு, மூன்று மீட்டர் பைப்பு, அறுபத்துமூன்றரை மில்லிமீட்டர் சிலிண்டர். ஒரு பட்டறைச் செயின் இன்னொரு பட்டறைப் பம்பில் பூட்டினால் உட்காரும். எங்கள் திடலில் நடந்த ஒவ்வொரு ரிப்பேரும் இந்த ஒரு ஏற்பாட்டை நம்பித்தான் நடந்தது. கழற்றிப் பூட்ட முடிகிற பொருளாகவும், வேறொன்றின் உறுப்பு பொருந்துகிற பொருளாகவும் முதலிலேயே யோசித்துச் செய்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

பம்பு வந்த கையோடு ஊருக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றார்கள். ஊரில் ஒருவர், ஒன்றியத்தில் ஒரு பிட்டர், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு என்று மூன்று படி. தமிழ்நாட்டில் தொடங்கி மற்ற மாநிலங்களுக்குப் போன முறை இது. ஆண்கள் யாரும் முன்வரவில்லை, சம்பளம் கிடையாதே. அத்தை, "தண்ணி தூக்கறது நாங்கதான, நானே பாத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டார். ஒன்றிய ஆபீசுக்குக் கூட்டிப்போய்ப் பம்பைப் பிரித்துக் காட்டிப் பழக்கினார்கள். இரண்டு ஸ்பேனர், ஒரு கிரீஸ் டப்பா, விலாசம் அச்சடித்த தபால் கார்டுகள் கொஞ்சம் கொடுத்தனுப்பினார்கள். பம்பு நின்றால் கார்டில் எழுதிப் போட வேண்டும். அத்தைக்கு எழுதத் தெரியாது என்பதால் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. "செயின் சத்தமுன்னு எழுதாத. கைப்புடிய ஏத்தறப்ப செயின் மடங்குதுன்னு எழுது. அப்பத்தான் அவிய என்ன சாமான் எடுத்தாரோணும்னு தெரியும்." நான் எழுதிய முதல் கடிதங்கள் அவை. என்ன கோளாறு என்று பார்த்து, பார்த்ததை அப்படியே சொல்வது எப்படி என்பதை அந்தக் கார்டுகளில்தான் கற்றேன்.

1982-இல் மழை பொய்த்தது. அடுத்த கோடையில் தோட்டத்துக் கிணறுகளின் அடிப்பாறை தெரிந்தது. இரவு பகலாகப் பம்படியில் குடம் வரிசை பிடித்தது. வேலை முடித்து இரண்டாம் ஷிப்டிலிருந்து வரும் தறிக்காரர்கள்கூட வீட்டுக்குப் போகும் முன் வரிசையில் நின்றார்கள். ஒருநாள் விடிகாலை தண்ணீருக்கு நின்றவர்கள் கூட்டமாக எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கைப்பிடி தொப்பென்று விழுந்துவிட்டது. அத்தை போய் ஒரே ஒருமுறை தூக்கிப் பார்த்தார். "ராடு" என்றார். கார்டு போட்டுக் காத்திருக்க நேரமில்லை. எங்கள் சித்தப்பா சைக்கிளில் ஒன்றிய ஆபீசுக்குப் பறந்தார்.

பிட்டர் மாமா மத்தியானத்துக்கு முன் டிவிஎஸ் ஐம்பதில் வந்து இறங்கினார். பின்னால் சாக்கில் கட்டிய சாமான்கள்: கிளாம்பு, தூக்குகிற ஸ்பேனர்கள், இரண்டு பைப் ரிஞ்சு, ஹேக்சா, அரம், மரை போடும் டை. அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் திடலில் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர், "இத்தன பாடு எதுக்குங்க? இதக் கழட்டிக் கெடாசிப்போட்டு, புதுசா ஒண்ணு போட்டுக் குடுங்கன்னு எழுதிக் குடுத்தரலாம்" என்றார். பிட்டர் மாமா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டே சொன்னார்: "எழுதுங்க, வேண்டாம்னு சொல்லுல. புதுசு வர வரைக்கும் ஊரு என்னத்தக் குடிக்கறது? மொதல்ல வெளிய எடுத்துப் பாத்தரலாமுங்க. செத்தது எது, உசுரோட இருக்கறது எதுன்னு கண்ணுல பாக்காம எப்படிக் கெடாசறது?"

தலை மூடியைத் திறந்தார். செயினைக் கழற்றினார், அச்சைத் தட்டி எடுத்தார், கைப்பிடி தனியாக வந்தது. தலையையும் தண்ணீர்த் தொட்டியையும் இறக்கி வைத்த பிறகு, போரின் வாயில் பைப்பின் நுனி மட்டும் தெரிந்தது. பன்னிரண்டு பைப்பு, முப்பத்தாறு மீட்டர். பைப்பும் ராடும் உள்ளே நிற்கும் தண்ணீருமாக ஏறத்தாழ இருநூறு கிலோ கீழே தொங்குகிறது. பிடி விட்டால் எல்லாம் போருக்குள் போய்விடும், பிறகு அந்தப் போரே இல்லை. அதற்காகத்தான் அந்தக் கிளாம்பு. மேலே தூக்கும்போது விட்டுக்கொடுக்கும், கீழே நழுவினால் கவ்விக்கொள்ளும். இளவட்டங்கள் ஆறு பேர் தூக்கு ஸ்பேனரைக் கோத்துக்கொண்டு ஐலசா போட்டார்கள். ஒரு பைப்பு முழுக்க வெளியே வந்ததும் ரிஞ்சு போட்டுத் திருகிக் கழற்றி, உள்ளே தெரியும் ராடின் இணைப்பை இரண்டு ஸ்பேனரால் பிரித்து, கோயில் சுவரில் வரிசையாகச் சாய்த்தார்கள். மூன்று பைப்பு வந்தது. நான்காவதில் அறுந்த ராடு தெரிந்தது. இணைப்புக்குள் திருகுகிற மரை தொடங்குமிடத்தில் ஒடிந்திருந்தது.

அங்கேயே நிறுத்தி ராடை மட்டும் சரிசெய்துவிட்டு மூடியிருக்கலாம். பிட்டர் மாமா நிறுத்தவில்லை. "இவ்வளவு தூக்கியாச்சு, சிலிண்டரயும் பாத்தரலாம்" என்று கடைசிப் பைப்பு வரை எடுத்தார். அவர் செய்தது எவ்வளவு சரி என்பது எட்டாவது பைப்பில் தெரிந்தது. அதன் மரைப் பக்கம் துரு தின்று, மயிர்க்கீறல் விட்டிருந்தது. இன்னும் சில வாரத்தில் கீழே உள்ள நாலு பைப்பும் சிலிண்டரும் அறுந்து விழுந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் பால்யத்தில் நான் கண்ட பெரிய அதிசயம். அவரிடம் மாற்று ராடும் இல்லை, மாற்றுப் பைப்பும் இல்லை. ஆபீசில் கேட்டு வாங்கி வர நாளாகும். ஒடிந்த ராடின் நுனியை ஹேக்சாவால் நேராக அறுத்தார். அரத்தால் ஓரத்தைச் சரித்தார். எண்ணெய் விட்டு டையை வைத்து அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பத் திருப்ப, இரும்புச் சுருள் உதிர்ந்து புது மரை எழும்பியது. இணைப்புக்குள் சிக்கியிருந்த துண்டை, உளியால் ஒரு கீறு போட்டு ஸ்க்ரூ டிரைவரால் திருகி எடுத்தார். பிறகு கீறல் விட்ட பைப்பை மர உரலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டச் சொல்லி, எங்கள் சித்தப்பாவை மேலே உட்காரவைத்து, கெட்டுப்போன நுனியை அறுத்து, அதற்கும் மரை போட்டார். பைப்பு மரை போடுவதற்கு இரண்டு பேர் பலம் வேண்டும். எண்ணெய் ஊற்றுகிற வேலை எனக்கு. அளவுகோலை எடுத்து இரண்டையும் அளந்தார். அத்தையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க்கா, கணக்குப் பாத்தீங்களா? ராடுல ரெண்டு அங்குலம் போச்சு. பைப்புலயும் ரெண்டு அங்குலமே அறுத்துப்போட்டேன். சிலிண்டரு ரெண்டு அங்குலம் மேல ஏறிக்கும், ராடும் அதே ரெண்டு அங்குலம் ஏறிக்கும். மேல செயினு தேடவே வேண்டாம், இருந்த எடத்துலயே வந்து பூட்டிக்கும்."

அத்தைக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குப் புரிய வைக்க அவர் துடைப்பக் குச்சி இரண்டை எடுத்து ஒன்றாகப் பிடித்து, இரண்டையும் ஒரே அளவு ஒடித்துக் காட்டினார். "ஒண்ண மட்டும் ஒடிச்சாத்தான் வம்பு." அந்த இரண்டு உறுப்புகளிலும் கோயிலுக்கு அடித்து மிச்சமிருந்த காவிப் பெயிண்டால் ஒரு பட்டை போட்டுவைத்தார்.

சிலிண்டரைப் பிரித்து, பித்தளை உறையை வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பார்த்தோம். கண்ணாடியாக இருந்தது. இரண்டு தோல் வாசரில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தது. "நல்லா இருக்கறத எதுக்கு மாத்தோணும்" என்று மற்றதைக் கழுவி அதே இடத்தில் வைத்தார். புதுத் தோலை வந்ததுமே வாளித் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தார். காய்ந்த தோலைப் போட்டால் உள்ளே போய் ஊறிப் பெருத்துக் கவ்விக்கொள்ளும். அடி வால்வில் உட்கார்ந்திருந்த மணலைத் துடைத்தார். பைப்பு மரைகளில் சணல் சுற்றி, வெள்ளைப் பெயிண்ட் தடவி, ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் சுற்றிலும் நின்றார்கள். யார் வீட்டிலிருந்தோ கம்மங்கூழும் மோரும் வந்தது. கடைசியில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துப் போருக்குள் ஊற்றி, "இன்னைக்கு வர தண்ணி பாத்திரம் கழுவத்தான், குடிக்கப்படாது" என்று எச்சரித்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்து எண்ணி அடிக்கச் சொன்னார். நாற்பது அடிக்குப் பதினைந்து லிட்டராவது வந்தாக வேண்டும், அதுதான் எழுதிவைத்த தரம். எங்கள் குடம் ஏறக்குறைய அந்த அளவு. முப்பத்தெட்டில் நிரம்பியது. புதுப் பம்பு கேட்டு எழுதலாம் என்ற பெரியவரே கைதட்டினார்.

அந்த ஆண்டுதான் கோயமுத்தூரை மையமாக வைத்து உலக வங்கி, யூனிசெஃப், தமிழ்நாடு குடிநீர் வாரியம் எல்லாம் சேர்ந்து பம்புகளைச் சோதிக்கும் வேலை தொடங்கியது. "பைப்ப எடுக்காமயே வாசர் மாத்தற பம்பு செய்யறாங்களாமுங்க" என்று அடுத்த முறை வந்தபோது பிட்டர் மாமா சொன்னார். ஊர் இளவட்டம் ஆறு பேர் தூக்குகிற வேலையைக் குறைத்து, ஊரே தன் பம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பைப்பை அகலமாக்கி, பிஸ்டனையும் அடி வால்வையும் அதன் வழியே மேலே உருவும்படி செய்தார்கள். மார்க் மூன்று என்று பெயர். அதன் பைப்பு கனம், விலை கூட, எங்கள் ஊருக்கு அது வரவில்லை. ஆனால் அந்தச் சோதனையிலிருந்து வந்த இன்னொன்று வந்தது: தோலுக்குப் பதில் கறுப்பு நைட்ரைல் ரப்பர் வாசர். அத்தை அதை விரலால் அழுத்திப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நம்பாமல்தான் போட ஒப்புக்கொண்டார். தோலைவிட அது நெடுநாள் உழைத்தது. அதன் பிறகு தோல் வாசரை அவர் கேட்டதே இல்லை.

இப்படிப் பழுதுபார்த்தே எந்தப் பம்பையும் காலத்துக்கும் ஓட்டிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. போர்களைப் போட்டி போட்டுக்கொண்டு ஆழமாக்கினோம். சுற்றிலும் தோட்டங்களில் ஐந்நூறு, அறுநூறு அடிக்கு மோட்டார் இறங்கியது. கையால் அடிக்கிற பம்பு நூற்றைம்பது அடிக்குச் சுகமாக இழுக்கும், அதற்குக் கீழே தண்ணீர் ஓடிவிட்டால் எந்தப் பிட்டரும் ஒன்றும் செய்ய முடியாது. நான் கல்லூரிக்குப் போன காலத்தில் எங்கள் திடல் போர் வறண்டது. அத்தை அதற்கும் ஒரு கார்டு எழுதச் சொன்னார். "பம்பு நல்லா இருக்குது, போருல தண்ணியில்ல. கழட்டிக்கிட்டுப் போயி தண்ணியிருக்கற எடத்துல பூட்டுங்க" என்று.

வந்தவர் புதிய பிட்டர், சின்னப் பையன். மேற்கே இரண்டு கல் தொலைவில் ஒரு காலனியில் பள்ளத்தோரம் போர் நல்ல நீரோடு இருந்தது, பைப்பு அரித்துப்போய்ப் பம்பு பல மாதமாகச் சும்மா நின்றது. மாற்றுப் பைப்பு வரும் வரும் என்று அங்கே காத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பம்பைப் பிரித்துக் கோயில் சுவரில் சாய்த்து, எது தேறும், எது தேறாது என்று அத்தையும் அந்தப் பையனும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு பைப்பு மட்டும் கழிந்தது. மற்றதெல்லாம் மாட்டுவண்டியில் ஏறியது. பொதுவாக ஊர்ப் பம்பில் காலனிக்காரர்களைத் தள்ளி நிற்க வைத்த ஊர்தான் எங்களுடையது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. வண்டி கிளம்பியபோது சிலர் முகம் சுளித்தார்கள். அத்தை அவர்களிடம் எதுவும் பேசவில்லை. வண்டியில் ஏறி பைப்புகளின் மேல் உட்கார்ந்துகொண்டார். நானும் ஏறிக்கொண்டேன்.

அங்கே பைப்புகளை இறக்கும்போது அந்தப் பையன் கைக்கு வந்த ராடையெல்லாம் எடுத்து இணைக்கத் தொடங்கினான். காலனிப் பம்பின் பழைய ராடுகளும் பக்கத்தில் கிடந்தன. அத்தை அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். குவியலில் தேடி, காவிப் பட்டை மங்கிப்போயிருந்த பைப்பையும் ராடையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, இது ரெண்டும் ஜோடி. ஒண்ணு உள்ள போனா இன்னொண்ணும் போகோணும். அளந்து பாரு."

அவன் அளந்தான். இரண்டிலும் சரியாக இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. அந்த ஊரில் பம்புக்குப் பொறுப்பாக இருந்த அக்காவைக் கூப்பிட்டு, அது ஏன் என்று அத்தை விளக்கினார். அந்த அக்கா வெள்ளைப் பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்து மங்கிய பட்டைகளின் மேல் புதுப் பட்டை இழுத்தார். இரண்டும் சேர்ந்தே போருக்குள் இறங்கின. பையன் தலையைப் பூட்டிச் செயினை மாட்ட, துளை துளைக்கு நேராக வந்து உட்கார்ந்தது. குடத்தை வைத்து அந்த அக்கா அடிக்க, பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து எண்ணினார்கள். முப்பத்தாறில் குடம் நிரம்பி வழிந்தது.